தூரான் கானுமின் கம்பளம்

தெஹ்ரான்,
ஆபான் மாதம் 4

அன்புள்ள ஹைதர் மாமாவுக்கு,

சோல்மாஸ் எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். என் கல்யாணத்துக்குக் குறுக்கே ஒரு கம்பளம் விழுந்து கிடக்கிறது.

வரவேற்பறைக் கம்பளம் பெண் வீட்டுச் சீர் ஆயிற்றே. கம்பளித் தூசி பட்டால் எனக்கு மூச்சு இழுக்கும். செயற்கை நூலில் வாங்கலாம் என்றேன். மாப்பிள்ளை பெஹ்ரூஸின் அம்மா தூரான் கானும் இருக்கிறாரே, அவர் அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "பிளாஸ்டிக்க விரிக்க என் பையன் என்ன பஸ் ஸ்டாண்டுலயா குடியிருக்கான்? அசல் கம்பளி இல்லன்னா இந்தப் பேச்சே வேண்டாம்." அம்மா அழுதாள். பெஹ்ரூஸ் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினைந்தாம் தேதி அவர்கள் வீட்டில் விருந்து. அப்பா இடத்தில் நீங்கள்தான் வந்து பேச வேண்டும். தயவுசெய்து கொஞ்சமாகப் பேசுங்கள்.

உங்கள் சோல்மாஸ்

தப்ரீஸ்,
ஆபான் 9

மூச்சிழுக்கும் என் மகாராணிக்கு,

உன் கடிதம் படித்து நான் விட்ட பெருமூச்சில் கடைவீதியில் நான்கு கூரைகள் பறந்துவிட்டதாக ஊரில் பேச்சு. கம்பளம் கழுவியே நரைத்த எனக்கா அதைப் பற்றிச் சொல்கிறாய்? ஒன்றின் மேல் உட்கார்ந்தால் போதும். அந்த ஆடு எந்த மலையில் மேய்ந்தது, அதன் மாமியார் எப்படிப்பட்டவள் என்பது வரை என் பின்பக்கம் சொல்லிவிடும்.

வருகிறேன். கொஞ்சமாகத்தான் பேசுவேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதாயிரம் வார்த்தைதான் தேறும்.

கடைசி முடிச்சு அவிழும்வரை உன் காவலன்,
ஹைதர் மாமா

தெஹ்ரான்,
ஆபான் 17

மாமா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் வீட்டில் ஃபோன் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

அவர்கள் கம்பளத்தைப் புகழ்ந்தீர்கள், சரி. தூரான் கானும் "பிடிச்சிருந்தா உங்களுக்கே, எடுத்துக்குங்க" என்றார். மரியாதைக்குச் சொல்கிற சொல் அது, மூன்று முறை மறுக்க வேண்டும் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியுமே! நீங்களோ, "இவ்வளவு சொல்றீங்க, தட்ட முடியுமா?" என்று விருந்தாளிகளை எழுப்பி, தட்டுகளைத் தள்ளி, கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டீர்கள். வெறும் மொசைக் தரையில் இருபது பேர், கையில் மாதுளையோடு நின்றோம்.

இன்று காலையில் தூரான் கானுமிடமிருந்து ஃபோன் வந்தது: "வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பளம் வரலன்னா மோதிரத்தக் குடுத்தனுப்பிடுங்க."

என் வாழ்க்கை உங்களுக்கு விளையாட்டா?

சோல்மாஸ்

தப்ரீஸ்,
ஆபான் 21

கோபக்கார மகாராணிக்கு,

பஸ்ஸில் கம்பளத்துக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். வழியெல்லாம் என்னைவிட அடக்கமாக வந்தது. விளையாட்டு இத்தோடு போதும்.

அன்று விருந்தில் ஹூக்காவிலிருந்து ஒரு கங்கு கம்பளத்தின் ஓரத்தில் விழுந்தது. கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். தொட்டால் சாம்பலாக உதிரும். இது உருகி, கடுகு போல உருண்டு இறுகியது. செயற்கை நூல்! சட்டென்று உள்ளங்கையால் மூடினேன். "அருமையான கம்பளம், தப்ரீஸ்ல கழுவிக் காட்டட்டுமா?" என்றேன். கழுவினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அந்த அம்மாள் முகம் வெளுத்தது. பேச்சை மாற்றத்தான் 'உங்களுக்கே' என்றாள். தன் கம்பளமே செயற்கை என்று தெரிந்தேதான் உன் அம்மாவை அழவைத்திருக்கிறாள்.

அங்கேயே போட்டு உடைத்திருந்தால் இருபது பேர் முன்னால் உன் வருங்கால மாமியாரின் மானம் போயிருக்கும். அதனால் உருகிய ஓரம் மற்றவர்கள் கண்ணில் படுமுன் சுருட்டி எடுத்து, திருட்டுப் பட்டத்தை நான் சுமந்தேன். கம்பளத்தைவிட அதுதான் கனம்.

கம்பளத்தோடு இக்கடிதத்தையும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அந்தக் கடுகை உள்ளே மடித்திருக்கிறேன். அதை யார் முன்னால் பிரிப்பது என்பது உன் இஷ்டம்.

ஹைதர் மாமா

தெஹ்ரான்,
ஆபான் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று கம்பளத்தை நானே கொண்டுபோய் அவர்கள் வீட்டில் விரித்தேன். யாரும் இல்லாதபோது கடுகைத் தூரான் கானுமின் கையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் வைத்தியத்துக்கு அசலை வித்துட்டோம். ஊருக்குத் தெரியாம இதப் போட்டு மூடினேன்" என்றார். என் கோபம் போய்விட்டது. "நீயும் செயற்கையே வாங்கிக்கம்மா, மூச்சுக்கு நல்லது" என்றார். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பெஹ்ரூஸ் தேநீர்க் கோப்பையோடு வந்தான். "உனக்கு இது தெரியுமா?" என்றேன்.

"நான்தானே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன்."

"அப்ப எங்கம்மா அழுதப்போ?"

"அம்மா பேசறப்ப நடுவுல எப்படிப் பேசறது?" என்று மறுபடியும் கோப்பையைப் பார்த்தான்.

மோதிரத்தைக் கழற்றிக் கம்பளத்தின் மேல் வைத்தேன். தூரான் கானும் பதறி, "என் பையன் உனக்குத்தாம்மா, எடுத்துக்க" என்றார். வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னார். வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், மரியாதைக்கு இல்லை, மனசார.

மூன்று முறையும் மறுத்துவிட்டேன், மாமா. நம் குடும்பத்தில் ஒருவருக்காவது முறை தெரிய வேண்டாமா?

உங்கள் சோல்மாஸ்