இத்தாலிக்காரி கேட்ட குடும்பப் பெயர்

மஹய்யாவ, கண்டி
10.02.2012

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அம்மா எழுதுவது. கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் மகளும் சுகம், நீயும் நீ பார்த்துக்கொள்கிற அந்த மிலான் கிழவியும் சுகமாயிருக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் இருளப்பன் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை, வேலைக்குப் போனால்தானே உடம்பு நோகும். சின்னவள் இப்போது ஐந்தாம் வகுப்பு, அடுத்த வருஷம் என்னைவிடப் படித்தவளாகிவிடுவாள், இப்போதே கொஞ்சம் மிடுக்குத்தான், பின்னே யார் பேத்தி.

உன் கடிதம் கிடைத்தது. நம் ஊரில் வரி கட்டாமல் தப்பத்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார்கள். கட்டுகிறேன் சாமி, ஒரு வரி நம்பர் கொடு என்று கெஞ்சுகிற பெண்ணைத் திருப்பி அனுப்புகிற சீமையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பாஸ்போட்டில் அப்பா பேர், வேலை ஒப்பந்தத்தில் புருஷன் பேர், இதில் எது குடும்பப் பேர் என்று அந்த ஆபீஸ்காரி கேட்டாளாம். நமக்கு ஏது மகளே குடும்பப் பேர், அப்பா பேரை முன்னால் போடுவோம், கல்யாணமானால் சிலர் புருஷன் பேருக்கு மாறுவார்கள், இதை அவளுக்கு யார் விளங்கப்படுத்துவது. நம்பர் இல்லாவிட்டால் கிழவி வீட்டு வேலையைப் பதியமாட்டார்கள், பதியாவிட்டால் விசா இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நீ எழுதியதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறப்புச் சாட்சிப் பத்திரமும், எது குடும்பப் பேர் என்று பெற்றவள் கொடுக்கும் சத்தியக் கடதாசியும் கேட்டிருந்தாய். பத்திரம் உன் வீட்டுக்காரரிடம் இருக்கிறதே என்று கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினேன். மனுஷன் அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, எம் பேரக் குடும்பப் பேருன்னு எழுதிக் குடுத்தாத்தான் அது வெளிய வரும் அத்தே, நாளைக்கு வெள்ளக்காரன் புருஷன் யாருன்னு கேட்டா எனக்கு ஒரு மரியாத வேணாமா என்றார். மகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்காத மரியாதை. நான் அவர் அம்மா ஊற்றிய பிளேன்டீயைக் குடித்துவிட்டு நேரே பிறப்புப் பதிகிற கச்சேரிக்குப் போய் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டேன். கேட்டால் அங்கே பிரதி கொடுப்பார்கள் என்பது உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. இன்னும் அலுமாரியைக் காவல் காக்கிறாராம். காக்கட்டும், ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த வேலை.

சண்டை வேண்டாம் அம்மா, அவர் பேரையே போட்டுவிடுங்கள் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதையும் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுக்கிற சமாதான நீதவான் முனாப் நானாவிடம் காட்டினேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மகள் சொன்ன மாதிரியே எழுதவா நல்லம்மா, அங்க பதிஞ்சிட்டா பொறவு லேசில மாத்த ஏலா என்றார். மாற்ற முடியாதென்றால் மாறாத மனுஷன் பேரைப் போடுங்கள் நானா என்றேன். உன் அப்பா மூக்கையா பேரை எழுதிக் கையெழுத்தும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. கோபமென்றால் அங்கிருந்தே கோபித்துக்கொள். இருளப்பன் வந்து கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன், அவர் சத்தத்துக்குப் பயந்தா உன்னை வளர்த்தேன். இந்தக் கண்டித் தெருவெல்லாம் கூட்டி உன்னைப் படிக்கவைத்து விட்டுப் போனவர், இருந்தவரைக்கும் கம்பளைக்கு அப்பால் ரயில் ஏறாதவர், இனி இத்தாலிக்கு வரி கட்டப்போகிறார். பெரிய மனுஷன்தான் போ.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே இறங்காதே. கிழவிக்கு உன் கைக்காரத்தைப் போட்டுக் கொன்றுவிடாதே, அவள் இருந்தால்தான் உனக்கு வேலை. உன் காலில் ஒரு முள்ளும் தைக்காமல் பிள்ளையார் காப்பார், போன காரியம் முடித்து மகள் முகம் பார்க்க நல்லபடி வந்து சேர். ஒன்றை மறந்துவிடாதே. அந்த ஆபீஸில் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று முனாப் நானா சொன்னார். மூக்கையா என்று சத்தம் கேட்டால் அப்பாவைத் தேடி வாசலைப் பார்த்து அழுதுகொண்டு நிற்காதே. உன்னைத்தான், எழுந்து போய் நம்பரை வாங்கு.

என்றும் உன் நினைவோடு இருக்கும் அம்மா,
நல்லம்மா மூக்கையா