மேற்கு வராந்தா வெயில்

ஜூன் 3
டாக்குரியாவில் தோல் டாக்டரைப் பார்த்தோம். தமயந்தியின் கன்னத்து மங்கு எந்தக் களிம்புக்கும் அசையவில்லை. இனி மாத்திரையாம்; ரத்தப்போக்கை நிறுத்தத் தருவது, மங்கையும் வெளுக்க வைக்குமாம். "கால்ல எப்பவாவது ரத்தம் கட்டியிருக்கா?" என்று வங்காளியில் கேட்டார். "நா, நா" என்று தலையாட்டி மறுத்தாள். இந்த ஊரில் டாக்டர், கடைக்காரர் எல்லோரிடமும் பேசுவது அவள். ஃபைலும் குடையும் பிடிப்பது நான். கல்யாணமானதிலிருந்து இதுதான் ஏற்பாடு.

ஜூன் 4
காலை ஒன்று, இரவு ஒன்று. ஆரம்பித்தாயிற்று.

ஜூலை 11
வெளுக்கிறது! கீழ்வீட்டு மிட்டாலி படியில் நிறுத்தி, "பௌதி, கண்ணாடி மாதிரி மின்னுறீங்க. தாதா இனி உங்களத் தனியா வெளிய விடமாட்டார்" என்று அவள் பாஷையில் கேலி செய்தாள். அவளுக்குத் தமயந்தி பௌதி, அண்ணி; நான் தாதா, அண்ணன். தமயந்தி சிரித்தாள்.

எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. மங்கு வந்த வருஷம் எங்கள் பையன் விவேக் கைக்குழந்தை. ரயில்வே குவார்ட்டர்ஸின் மேற்கு வராந்தாவில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் லோக்கல் வருகிறதா என்று பார்த்து நிற்பாள். சாய்கிற வெயில் முழுக்க முகத்தில். ரயிலிலிருந்தே அவள் புடவை தெரியும்.

ஜூலை 13
பழைய ஆல்பம். விவேக்குக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த படத்தில் அவள் இடது கால் தலையணை மேல் இருக்கிறது. வீக்கம். பிரசவ நீர் என்று அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள்; அந்தப் பேரே நின்றுவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போட்டார்களே? மாதக்கணக்கில் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை — நீருக்கா அதெல்லாம்? டாக்டர் கேட்ட ரத்தக்கட்டுதானோ?

சொன்னால் நிறுத்திவிடுவார்கள். இப்போதுதான் கண்ணாடி முன் நிற்கிறாள். மங்கு போகக்கூடாதென்று என் மனசே இதைக் கிளப்புகிறதோ?

ஜூலை 14
சொன்னேன். "அது பிரசவ நீருங்க. என் மூஞ்சி தெளிஞ்சா உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றாள். ராத்திரி மாத்திரையையும் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 15
தனியாக டாக்டரிடம் போனேன். வழியெல்லாம் வங்காளியில் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள், கூப்பிட்டதும் காணோம். மனைவி... கால்... குழந்தை பிறந்தபோது... ஊசி, வயிற்றில் — கையால் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உடனே நிறுத்துங்க. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

ஜூலை 16
டாக்டரே சொன்னார் என்றதும் நேற்று சாயங்காலம் கூட வந்தாள்; இன்று ஸ்கேன். புதிதாக ஒன்றும் இல்லை. பழைய ரத்தக்கட்டின் தடம் காலில் இருக்கிறது. அந்த மாத்திரை அவளுக்கு இனிக் கூடவே கூடாது.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியபின், "வங்காளி எப்பங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

அக்டோபர் 1
நவமி. மங்கு பழையபடி வந்துவிட்டது. பூஜைப் பந்தலுக்குக் கிளம்பும்போது கன்னத்தைத் தொட்டு, "இது எப்ப வந்துச்சுன்னே நினைவில்ல" என்றாள். வராந்தாவைச் சொன்னேன்.

"ரயில்லேருந்து பாப்பீங்களா? ஒரு நாள்கூடக் கையக் காட்டல?"

"வெக்கமா இருந்தது."

"அதுக்கு நான் வெயில்ல காஞ்சேனாக்கும்!"

குடையை அவள் பிடித்துக்கொண்டாள். பந்தலுக்கு வழி கேட்டது நான்.