மூன்றாம் மேஜையில் ஒரு ஃபவுல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஏழு மூக்குக்கண்ணாடிகள் ரிப்பேருக்கு வந்தன. அதில் ஒன்று பல் டாக்டருடையது. மூன்றாவது தடவையாக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். "டாக்டர், இது கண்ணாடியா, நாற்காலியா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. பல் டாக்டருக்குப் பல் தெரியச் சிரிக்க என்ன கஷ்டமோ.

ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, வழக்கம்போல எதிர்ச் சாரியில் மாடி ஏறினேன். படிக்கட்டுச் சுவரில் நோட்டீஸ். அந்தச் சாரியில் இருக்கிற ஒன்பது கட்டடங்களும் இடிக்கப்படும். பதினெட்டு மாடி வரும், கீழே கடைகள், மேலே வீடுகள். மார்ச் 31க்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். எங்கள் பில்லியர்ட்ஸ் ஹாலும் அந்த ஒன்பதில் ஒன்று.

ஹால்காரம்மா நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்தேன். "ஒட்டினவன் கோணலா ஒட்டியிருக்கான் பாருங்க" என்று சொல்லி, பிய்த்து, நேராக ஒட்டிவிட்டு மேலே போனார்.

மார்ச் 4, புதன்

மச்சானிடம் நோட்டீஸைப் பற்றிப் பேசினேன். "விடு மாப்ளே, அவனுங்க இடிக்கிறதுக்குள்ள நாமளே இடிஞ்சிடுவோம்" என்றார்.

மார்ச் 7, சனி

இருக்கிறது இன்னும் மூன்று வாரம். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் போலத் தோன்றுகிறது. பிறகு எனக்கே மறந்துவிடும்.

ஆறு மேஜைகள். ஜன்னல் ஓரமாக மூன்று, சுவர் ஓரமாக மூன்று. காலை பத்து மணிக்குத் திறந்ததும் ஹால்காரம்மா பிரஷை எடுத்துக்கொண்டு ஆறு மேஜைத் துணியையும் தேய்ப்பார், மேலிருந்து கீழாக, எப்போதும் ஒரே திசையில். இருபத்தாறு வருஷமாக ஒரு நாள்கூட அந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஹாலில் யாருக்காவது கோபம் வந்து குரல் உயர்ந்தால், அந்தம்மா பேசமாட்டார், வெளியே போ என்று சொல்லமாட்டார். பிரஷைக் கையில் கொடுத்து ஒரு மேஜையைக் காட்டுவார். முழுசாகத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும். தேய்த்து முடித்தபின் சண்டை போட்டவன் எவனையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் மேஜை சாய்ந்திருக்கும். கட்டடமே அந்த மூலையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒரு தடவை அந்தம்மா காலுக்கு அடியில் தகடு வைத்து மட்டம் பண்ணினார். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்துகொண்டு பத்து நாள் புலம்பினோம், ஆட்டமே வரவில்லை என்று. தகட்டை உருவிவிட்டார். அந்தச் சரிவு எங்களுக்கு வீட்டு வாசற்படி மாதிரி. இருட்டிலும் கால் தடுக்காது.

சுவரில் அந்தம்மா கையால் எழுதிய மூன்று வரி:

உன் தப்பை நீயே சொல்.
அடுத்தவர் தப்பைச் சொல்லாதே.
சொன்னவரை மறுக்காதே.

அவ்வளவுதான் சட்டம். இங்கே நடுவர் கிடையாது. கை பட்டதா, சட்டை பட்டதா, ஆடுகிறவனே நிமிர்ந்து "ஃபவுல்" என்று சொல்வான். மற்றவர் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லிவிட்டால் எதிராளிக்கு வெள்ளைப் பந்து கையில் வரும். எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். பூட்டு ரிப்பேர்க்காரர், பேங்க் மேனேஜர், லாரி டிரைவர் எல்லோரும் இந்த மூன்று வரிக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கும். வெளியே இவர்களே வரிசையில் முந்திப் போகிற ஆட்கள்.

அந்த மூன்று வரிக்குக் கீழேதான் ஜெயித்தவர்களின் மரப்பலகைகள், வருஷத்துக்கு ஒன்று. அதில் ஒன்றில் 'கண்ணாடி' என்று இருக்கிறது. அது நான்.

அதைப் பற்றி இன்று வேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

மச்சான் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

அளவெடுக்க ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்திருந்தான். மச்சான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பத்து மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் இரண்டரை வரை ஹால்தான். வேலைக்குத் தோதாக வருஷம் முழுக்க அரைக்கைச் சட்டை. இன்ஜினியரின் டேப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் பலகையைக் காட்டினார்.

"தம்பி, இந்தாளு என் தங்கச்சி வீட்டுக்காரர். பதினேழு வருஷத்துக்கு முன்னாடி ஃபைனல்ல என்னையே தோக்கடிச்சாரு. எனக்கு மஞ்சளும் கருப்பும் பாக்கி, இவருக்குக் கருப்பு மட்டும், அதைப் போட்டா ஜெயிச்சாச்சு. கருப்பு அந்தக் கோடியில. வெள்ளை இந்தக் கோடியில. நடுவுல என் மஞ்சள். எவனும் அடிக்க மாட்டான். இவரு மூணாம் மேஜைச் சரிவை வெச்சு அப்படியே வளைச்சு விட்டாரு பாரு... நான் தோத்துட்டேன்கிறதே மறந்துபோச்சு. தூக்கிட்டுச் சுத்தினேன்!"

உண்மைதான். தூக்கிக்கொண்டு சுற்றினார். ஐந்து தடவை ஃபைனலுக்கு வந்து ஒரு தடவைகூட ஜெயிக்காத மனிதர், தன்னைத் தோற்கடித்தவனைத் தோளில் வைத்துச் சுற்றினார். எனக்கு அந்த மனசு கிடையாது.

எழுதிவிடுகிறேன். அந்த அடிக்கு எட்டிக் குனிந்தபோது என் சட்டைக் கையின் பொத்தான் அவருடைய மஞ்சள் பந்தில் பட்டது. ஒரு அரிசி அளவு நகர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர் கையில் வெள்ளைப் பந்து, அடுத்த இரண்டு அடியில் பலகையில் அவர் பெயர்.

சொல்லல. ஏன் சொல்லல? அடிச்சிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் அவர் தூக்கிட்டார். தோள் மேல உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்றது?

மார்ச் 15, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லிட்டா உங்க பாரம் இறங்கிடும். எங்கண்ணன் தலையில ஏறிடும். அது பரவாயில்லையா உங்களுக்கு?"

மடித்த துணிகளை அலமாரியில் கொண்டுபோய் அடுக்கினேன்.

மார்ச் 18, புதன்

ஐந்து மேஜைகளை ஒரு காலேஜ் எடுத்துக்கொள்கிறது. சரிந்த மேஜை என்று பெயர் வாங்கியதால் மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. சாய்ந்தது கட்டடம்தான், மேஜை இல்லை என்று அந்தம்மா சொல்லிப் பார்த்தார். நம்பவில்லை.

பிறகு ஒன்று சொன்னார். "கடைசி நாள் பலகைங்களை ஒவ்வொண்ணா கழட்டி, ஜெயிச்சவங்க கையில குடுத்துடலாம்னு இருக்கேன். எல்லார் முன்னாலயும்."

எல்லார் முன்னாலயும் நான் அதைக் கை நீட்டி வாங்கணுமா? மச்சான்தான் முதல் ஆளாகக் கை தட்டுவார்.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஹாலில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவருடைய வேனில், முன் சீட்டில் உட்கார்ந்து சொன்னேன். தோற்றதற்குக் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். எனக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"தோத்தது கெடக்குது மாப்ளே. நான் அஞ்சு தடவை தோத்தவன், அதுல ஒண்ணு. ஆனா அந்தக் கதையை நான் எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன்? பொண்ணு கல்யாணத்துல சம்பந்திகிட்டச் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க ஊசி போட வந்த டாக்டர்கிட்டச் சொன்னேன். பதினேழு வருஷமா என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியே!"

"மன்னிச்சிடுங்க மச்சான்."

"எறங்கு. பிள்ளைங்களை ஏத்தணும்."

மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது.

மார்ச் 21, சனி

வரவில்லை.

மார்ச் 25, புதன்

வரவில்லை. ஹால்காரம்மா படிக்கட்டுக் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்று தலையாட்டுவார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்தவர் தப்பைப் பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியவர் அல்லவா, கேட்கவும் மாட்டார்.

மார்ச் 28, சனி

காலேஜ் ஆட்கள் வந்து ஐந்து மேஜைகளையும் பிரித்துக் கொண்டுபோனார்கள். தரையில் முப்பது கால் தடம். மூன்றாவது மட்டும் தனியாக அதன் மூலையில் நிற்கிறது.

மனைவி அண்ணனுக்குப் போன் பண்ணினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றார். மேலே பேச்சு இல்லையாம்.

மார்ச் 31, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கே ஹால் நிரம்பிவிட்டது. நாற்பது பேர் இருக்கும், ஒரு மேஜையைச் சுற்றி. நான் மூலையில் நின்றேன். ஹால்காரம்மா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். அப்புறம் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"வர்றாரு" என்றார்.

மச்சான் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் ஆணியில் தொங்கிய பிரஷை எடுத்து, மூன்றாம் மேஜையைத் தேய்க்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல். அந்தப் பிரஷுக்கு என்ன அர்த்தம் என்று நாற்பது பேருக்கும் தெரியும். யார்மேல் கோபம் என்றுதான் தெரியாது.

தேய்த்து முடித்து, பிரஷை மாட்டினார். என்னைப் பார்த்தார்.

நான் மேஜை அருகே போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "ஃபவுல். பதினேழு வருஷத்துக்கு முன்னாடி, ஃபைனல்ல, கடைசி அடியில. என் சட்டைக் கை மஞ்சள்ல பட்டுச்சு."

வேறு எந்த இடமாக இருந்தாலும் ஒருவனாவது சிரித்திருப்பான், ஒருவனாவது திட்டியிருப்பான். இங்கே பூட்டு ரிப்பேர்க்காரர் மஞ்சள் பந்தையும் கருப்புப் பந்தையும் எடுத்து வைத்தார். "இன்னும் ரெண்டு விரல் தள்ளி" என்றார் பேங்க் மேனேஜர். "நான்தான் அந்த மூலையில நின்னேன், எனக்குத் தெரியாதா?" என்றார் லாரி டிரைவர். பதினேழு வருஷத்துக்கு முந்தைய இரண்டு பந்துக்காகக் கால் மணி நேரம் வாதம். இந்த மனிதர்களை விட்டுவிட்டு இனி மத்தியானம் எங்கே போவேன்?

ஹால்காரம்மா வெள்ளைப் பந்தைத் துடைத்து மச்சான் கையில் வைத்தார்.

மச்சான் மஞ்சளைச் சுலபமாகக் குழியில் போட்டார். வெள்ளை வந்து நின்ற இடம் அருமை. கருப்பு நேர் எதிரே. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். பதினேழு வருஷம் தாமதமாக என்றாலும் பலகை அவருக்குத்தான். எனக்கு மனம் லேசாகிவிட்டது. சத்தியமாக.

குனிந்தார். குறி பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஃபவுல்" என்றார். "சட்டைக் கை கருப்புல பட்டுச்சு."

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். எதுவும் படவில்லை. படவும் முடியாது. அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. சட்டைக் கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. நாற்பது பேரும் அந்த முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தேன்.

ஹால்காரம்மா சுவரைக் காட்டினார். மூன்றாவது வரியை. பிறகு வெள்ளைப் பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மச்சான் என் காதருகே வந்தார். "எனக்கு அந்தக் கதை வேணும் மாப்ளே. அதைச் சரி பண்ணிக் குடு" என்றார்.

பந்தைக் கருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். நான் அன்றைய இடத்திலேயே வைத்தேன், எதிர்க்கோடியில். சட்டைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டேன். சரிவை நம்பி மெதுவாக விட்டேன். வெள்ளை வளைந்து போய்க் கருப்பைத் தொட்டது. கருப்பு நகர்ந்து, ஓரத்தோடு உருண்டு, குழி வாயில் நின்றுவிட்டது. ஒரு நொடி இருக்கும். கட்டடம் இறங்கியிருக்கிற பக்கம் அல்லவா. விழுந்தது.

மச்சான் என்னைத் தூக்க வந்தார். வயசாகிவிட்டது, ஒரு அடி உயரத்துக்குமேல் முடியவில்லை. பூட்டு ரிப்பேர்க்காரரும் பேங்க் மேனேஜரும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள்.

நான் அழுதேன். எழுத என்ன வெட்கம். அழுதேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கடையிலிருந்து பார்க்கிறேன். எதிர்ச் சாரிக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். ஒரு மணிக்குக் கால் தானாகத் தெருவைக் கடந்து, தகரத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று, திரும்பி வந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஹால்காரம்மா வீட்டுக்குப் போயிருந்தோம், நானும் மச்சானும். மூன்றாம் மேஜைத் துணிக்கு அடியில் இருந்த கல் பலகை ஒன்றைச் சமையலறை மேடையாகப் பதித்துவிட்டார். லேசாகச் சரித்துப் பதிக்கச் சொன்னாராம். "தண்ணி நிக்காம ஓடிடும் பாருங்க" என்றார். மச்சான் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேடையில் வைத்து விட்டார். வளைந்து போய்த் தொட்டிக்குள் விழுந்தது. பிறகு அந்தம்மா இன்னொரு பழம் எடுத்தார்.

மே 10, ஞாயிறு

மச்சானுக்கு ஒரு சட்டை எடுத்தேன். வெள்ளை. முழுக்கை. கைக்குப் பெரிய பொத்தான்.

மே 17, ஞாயிறு

மச்சான் சாப்பிட வந்தார், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு. என் பலகை கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரையும் கூப்பிட்டிருந்தோம். அவர் பலகையைப் பார்த்து அது என்ன என்று கேட்டுத் தொலைத்தார்.

கதை முன்பைவிட நீளம். என் தப்பும் அதில் வருகிறது, அவர் பிரஷ் போட்டதும் வருகிறது. கருப்புப் பந்துக்கு முன் குனிந்த இடத்தில் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அப்பத்தான் என் சட்டைக் கை பட்டுச்சு. யாரும் பாக்கல. ஆனா சொல்லணுமில்ல? சொன்னேன்."

என் மனைவி பரிமாறுவதை நிறுத்தினாள். "அண்ணே, உன்கிட்ட முழுக்கைச் சட்டை ஏது?"

மச்சான் கையைத் தூக்கிப் பொத்தானைக் காட்டினார். "இதே சட்டைதான் போட்டிருந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.