செல்லம்மாவின் பிறசர்

1962 ஒக். 8, திங்கள்

மப்பு. மழை இல்லை. உழவு முடிந்தது.

போன சனிக்கிழமை முல்லைத்தீவு ஆசுப்பத்திரியில் என் மனைவி செல்லம்மாவுக்குப் பிறசர், அதாவது இரத்த அழுத்தம், கூடிவிட்டது என்றார் டொக்டர். பிள்ளைகள் இல்லை. இந்த வீட்டில் அவாவும் நானும்தான். டொக்டர் சொன்னதை மறந்துவிடுவேன் என்று பயம். இப்படி எழுதிவைக்க எண்ணம்:

1. அது என்ன.
2. உப்பு.
3. யாருக்கு வரும்.
4. கவனிக்காவிட்டால்.

இன்றைக்கு முதலாவது மட்டும். இதயம் தள்ளும் இரத்தம் குழாய்ச் சுவரை அளவுக்கு மேல் நெருக்குகிறது. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். குளக்கட்டுத்தான் ஞாபகம் வருகிறது. தண்ணீர் கட்டை நெருக்கும்போது சத்தம் இல்லை. கசிவைக் கண்ட பிறகுதான் ஓட்டமும் கூச்சலும். உவமை சரியோ தெரியாது.

நோவே இல்லாமலும் இருக்கும் என்றார் டொக்டர். அவா நம்பவில்லை. "நோகாத வருத்தத்துக்கு என்னத்துக்குக் குளிசை?"

டொக்டர் தந்த குளிசை, காலையில் ஒன்று விழுங்க வேண்டும். மண்ணெண்ணெய் முடிந்தது.

ஒக். 9, செவ்வாய்

விதைப்பு. வெயில். எழும்பும்போது எனக்குப் பிடரி இடி. தலையணை சரியில்லை. பஞ்சு மாற்ற வேண்டும்.

உப்பு. நேற்றிலிருந்து குசினியில் இரண்டு சட்டி. அவாவின் சட்டியில் உப்பு இல்லை. என்னுடையதில் வழமைபோல். ஆனையிறவு உப்பு அரைச் சாக்கு மூலையில் கிடக்கிறது. அவா அதற்கு முதுகு காட்டி நின்று சமைக்கிறா.

கருவாடு விற்கும் மரியாம்பிள்ளை கரையிலிருந்து சைக்கிளில் வந்தார்.

"அக்கா, பாரைக் கருவாடு. மணத்தைப் பாருங்கோ."

"எனக்கு இனி மணம் மட்டும்தான். இவருக்குத் தாரும்."

பொரித்து, தன்னுடைய பங்கையும் என் சோற்றுக் கோப்பையில் போட்டா. எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"இஞ்சாருங்கோ, என்ரையையும் சேத்துத் தின்னுங்கோ. நீங்கள் தின்னிறதைப் பாக்கிறன்."

ஓம் என்றேன். தின்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டு தன் சோற்றைக் குழைத்தா. பிறகு எனக்குச் சரியான தண்ணீர் விடாய்.

ஒக். 11, வியாழன்

முதல் மழை. விதைப்புக்கு நல்லது. நேற்று எழுதவில்லை. காரணம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது. வயது, பரம்பரை, உடற்பருமன், உப்பு என்று டொக்டர் சொன்னார். நானாகச் சேர்ப்பது: கோபம். செல்லம்மாவின் சத்தம் வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்கும். கோபம் வராதவருக்கு இது வராது. நான் கந்தோரிலும் வீட்டிலும் குரல் உயர்த்தியதில்லை. ஆகவே நான் சுகமாக இருந்து அவாவைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மட்டில் ஆறுதல்.

மழைக்கு ஒதுங்கிய மரியாம்பிள்ளையிடம் இதைச் சொன்னேன்.

"கிளாக்கர் ஐயாவுக்குப் பிறசரோ? முதல்ல ரத்தம் ஓடுதோ எண்டெல்லோ பாக்கோணும்!"

குசினிக்குள் செல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தேன்.

ஒக். 12, வெள்ளி

மழை. கூரையில் ஒழுக்கு, இரண்டு இடம்.

நாலாவது. மூளையில் குழாய் வெடித்தால் அல்லது அடைத்தால் பாரிசவாதம். இதயம். சிறுநீரகம். கண். கை எழுதுகிறது. மனதுக்குள் ஒன்றும் இல்லை.

அவா விழுந்தால்:
தூக்குவது - நான்.
சோறு - நான்.
குளிப்பாட்டுவது - நான்.
அதற்குப் பிறகு -

கூரைக்குக் கிடுகு வாங்க வேண்டும். கருவாடு இன்றும், இரண்டு பேர் பங்கு. பிடரி அப்படியே.

ஒக். 13, சனி

மழை விட்டது. காலை பஸ். ஆசுப்பத்திரியில் சனம்.

அவாவுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டொக்டருக்குச் சந்தோஷம். நான் எழும்பிவிட்டேன், அவா எழும்பவில்லை.

"டொக்டர், இவரையும் ஒருக்காப் பாருங்கோ. விடிஞ்சால் பிடரி எண்டு தலையணையோடை சண்டை."

"அது பஞ்சு" என்றேன்.

டொக்டர் என் கையில் பட்டியைச் சுற்றினார். காற்றடித்தார். மற்றக் கையிலும் சுற்றினார்.

"ஐயா, உங்களுக்குப் பிறசர் அம்மாவை விடக் கூடக் கிடக்கு."

"நான் கோபப்படுகிறதில்லை" என்றேன்.

"கோபப்படாத ஆக்களுக்கும் வரும் ஐயா. உப்பு எப்படி?"

நான் சொல்ல முதல் அவா சொன்னா. கருவாடு, இரண்டு பங்கு, எல்லாம். சத்தமில்லாமல் சொன்னா. அப்படி ஒரு குரல் அவாவிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் தண்ணீரூற்றில் பஸ்ஸால் இறங்கும்போது என் கையைப் பிடித்தா. தனக்காகவோ எனக்காகவோ தெரியவில்லை.

மிச்சக் கருவாடு வேலிக்கு மேலால் அயலுக்குப் போயிற்று. பின்னேரம் ஒரு சட்டிதான். உப்பு இல்லை.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"பொய். வாயிலை வைக்கேலாது எண்டு ஒருக்காச் சத்தம் போட்டுச் சொல்லுங்கோவன். ஒருக்கா."

சொல்லவில்லை. முழுவதும் தின்றேன். அவாவும் தின்றா.

குளிசை, இனிக் காலையில் இரண்டு பேருக்கும். தலையணை மாற்றத் தேவையில்லை.

நான் விழுந்தால் தூக்குவது - அவா. முடியாது, அவாவுக்கு முழங்கால் சரியில்லை.

மூன்றாவதில், கோபம் வராதவருக்கு இது வராது என்று நானாகச் சேர்த்தது பிழை.