உள்ளே போகாத சீட்டு

14-11-1975, வெள்ளி

மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. தை பிறந்த பிறகுதான் வேலை. அதுவரை ஜனங்களுக்குக் கூலி இல்லை, என் வாசலில் கூட்டம். இன்று பதினேழு மனு.

சட்டமன்ற உறுப்பினர்கள் விவரப் புத்தகத்துக்கு என்று சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. பூர்த்தி செய்தேன். பெயர்: குழந்தைசாமி. 1962: தோல்வி, 2,611 ஓட்டு குறைவு. 1967: வெற்றி, 1,940 ஓட்டு அதிகம். 1971: வெற்றி, 4,023 அதிகம். தொழில் என்ற இடத்தில் உப்பளத் தொழிலாளர் என்று போட்டேன். தேவநாதன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“மச்சான், நீ பாத்தியில கால வச்சி ஒம்போது வருசம் ஆவுது.”

அவன் என் தங்கை குப்பம்மாளின் புருஷன். இன்றைக்கும் அதே பாத்தியில்தான் உப்பு வாருகிறான். 62-ல் அனுமந்தையிலிருந்து கீழ்புத்துப்பட்டு வரைக்கும் என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்தவன் அவன். மூன்று தேர்தலிலும் மேடையில் பேசியது நான். வீடு வீடாக ஏறி இறங்கியது அவன். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

31-1-1976, சனி

ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஆட்சியைக் கலைத்தாயிற்று. சட்டமன்றமும் இல்லை. என் மனைவி பாஞ்சாலை அடுப்படியிலிருந்து வந்து, “அப்ப நீங்க இனிமே?” என்று கேட்டாள். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘முன்னாள்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.

4-2-1976, புதன்

பல ஊர்களில் நம் கட்சிக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒன்றும் கிடையாது. கோர்ட்டும் கிடையாது.

சப்-இன்ஸ்பெக்டர் சாதாரண உடுப்பில் வந்தார். நல்ல மனுஷன். மோர் கொடுத்தோம், குடித்தார். “ஐயா, உங்க பேரும் உங்க மாப்ள பேரும் லிஸ்ட்ல இருக்குது. கட்சியை விட்டுட்டேன்னு பேப்பர்ல அறிக்கை குடுத்தவங்கள தொடறதில்லன்னு பேசிக்கறாங்க. நான் சொன்னதா இருக்க வேணாம்.”

தேவநாதனிடம் சொன்னேன். வரப்பில் குந்திப் பீடி பற்றவைத்தான். “எழுதிக் குடுக்கறதா? அப்புறம் வூட்டு மேல பறக்கற கொடிய என்னா பண்றது, எறக்கிப் பாவாடை தெக்கறதா?” என்றான். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6-2-1976, வெள்ளி

காலை எட்டு மணிக்கு உப்பளத்திலேயே தேவநாதனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கால் கழுவக்கூட விடவில்லையாம். வேனில் ஏறும்போது குப்புவைப் பார்த்து, “அழுவாத. மச்சான் இருக்காரு” என்றானாம்.

9-2-1976, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பாஞ்சாலை சொன்னதால் போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இருந்தால்தானே தேவநாதனுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று நினைத்துப் போட்டேன் என்றும் எழுதலாம். அதுவும் இல்லை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய் நின்னுக்கறேன். மூணு நாளா சோறு எறங்கல. பயந்துட்டேன். அவ்வளவுதான்.

12-2-1976, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. இரண்டே வரி. ‘எனக்கும் அந்தக் கட்சிக்கும் இனி எவ்விதத் தொடர்பும் இல்லை.’ டீக்கடையில் நான் போனதும் பேப்பரை மடித்து வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். எப்போதும்போல மரியாதையாகத்தான் கொடுத்தார்கள்.

13-2-1976, வெள்ளி

குப்பு வந்தாள். அறிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. மகள் முத்தம்மாளையும் அழைத்து வந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முத்துதான் இந்த வீட்டிலும் பெண்.

“அண்ணா, கலெக்டர் உனக்குத் தெரிஞ்சவருதானே. கட்சியில இல்லன்னு ஆயிட்ட இல்ல, இப்ப போய்க் கேட்டா தப்பா நெனைக்க மாட்டாரு. முத்து அப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்து போன ஒடம்பு. ஜெயில் சோறு ஆவாது. ஆஸ்பத்திரியிலயாவது வைக்கச் சொல்லு.”

போகிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

23-2-1976, திங்கள்

பாண்டிச்சேரி போய் பஸ் மாறி, கடலூர். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு. பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பியூன் உள்ளே எடுத்துப் போவார். எழுதினேன். குழந்தைசாமி, முன்னாள் எம்.எல்.ஏ., மரக்காணம். பியூன் என்னை அடையாளம் கண்டு, “குடுங்க ஐயா” என்று கையை நீட்டினார்.

உள்ளே போய் என்ன சொல்வது? என் தங்கை புருஷன், என் கட்சிக்காரன் என்றா? அந்தாளுக்கு நீ என்ன வேணும் என்று கேட்டால்? மறுபடி அந்த லிஸ்டில் என் பெயரை எழுதிக்கொண்டால்?

“கொஞ்சம் இருங்க” என்றேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

24-2-1976, செவ்வாய்

காலையில் கடைத்தெருவுக்குப் போனேன். குப்பு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தாள். நேற்றும் நின்றிருந்தாளாம், நான் வேறு வழியாக வந்துவிட்டேன்.

“சொன்னியாண்ணா?”

“சொல்லியிருக்கேன். பாக்கறேன்னாரு.”

எப்படி வந்தது அந்த வார்த்தை? ஒன்பது வருஷம் மனு வாங்கி வாங்கிப் பழகின வாய். சொல்லியிருக்கேன், பாக்கறேன்னாரு. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

11-3-1976

நாளை மறுபடி கடலூர் போக வேண்டும்.

12-3-1976

போகவில்லை.

5-6-1976, சனி

குப்பு சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றானாம். பல் இரண்டு இல்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, “வயசாவுது இல்ல” என்றானாம். அவனுக்கு நாற்பத்தாறு.

பாஞ்சாலை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். வெகு நேரம் வரவில்லை.

10-9-1976

குப்பு இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதம். முத்துவையும் அனுப்புவதில்லை. உப்பளத்தில் தேவநாதன் பாத்தியை அவளே பார்க்கிறாள். தூரத்தில் தலைச்சுமையோடு போவது தெரிந்தது. கூப்பிடவில்லை.

2-2-1977, புதன்

விட்டுவிட்டார்கள்! தேர்தல் வருவதால் ஒவ்வொருவராக விடுகிறார்களாம். தேவநாதன் வந்துவிட்டான். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள் என்று பாஞ்சாலை சொன்னாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வேட்டி மாற்றி, செருப்பு மாட்டி, கழற்றி வைத்துவிட்டேன்.

6-2-1977, ஞாயிறு

போனேன்.

பாயில் படுத்திருந்தான். கண் மஞ்சள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

“வா மச்சான். பேப்பர்ல வந்தத ஒருத்தன் உள்ள கொண்டாந்து காட்டினான். நீ எழுதனதா அது? உன் நடையாட்டமே இல்லியே. நீ எழுதினா ரெண்டு வரியில முடிப்பியா?”

சிரித்தான். பல் இல்லாத இடம் தெரிந்தது.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் முழங்காலில் கை வைத்தான். “வுடு. உனக்கு நெஞ்சு தாங்காது, எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் உள்ள போயிருந்தா இதுங்களை யாரு பாப்பாங்க? கலெக்டர்கிட்ட போய்ச் சொன்னியாமே, குப்பு சொன்னா. அதனாலதான் எனக்கு அடி கம்மியா வுழுந்துச்சு போல. பக்கத்துல இருந்தவனுக்கு இன்னும் ஜாஸ்தி.”

குப்பு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

வாயால் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். ஆட்டினேன்டா பாவி. ஆட்டிட்டு ஒக்காந்திருந்தேன்.

19-4-1977, செவ்வாய்

தேவநாதன் காலை ஆறு மணிக்குப் போய்விட்டான்.

20-4-1977, புதன்

உடம்பின் மேல் கட்சிக் கொடி போர்த்தியிருந்தார்கள். ஜில்லாவிலிருந்து தெய்வசிகாமணி வந்து மாலை போட்டார். கட்சியில் எனக்கு அடுத்துச் சேர்ந்தவர், இப்போது ஜில்லா செயலாளர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார், அந்நியரைக் கும்பிடுவதுபோல.

பாடையைத் தூக்கும்போது தோள் கொடுக்கப் போனேன். நான்கு பேர் இருந்தார்கள். யாரும் தள்ளவில்லை. யாரும் விலகவுமில்லை. பின்னாலேயே நடந்து போனேன்.

16-5-1977, திங்கள்

மனுத் தாக்கல் செய்தேன். சுயேச்சை. ஏணிச் சின்னம் கேட்டிருக்கிறேன்.

பாஞ்சாலை, “வேணாங்க. யாருக்காக நிக்கறீங்க?” என்றாள். ஒன்பது வருஷம் உழைத்திருக்கிறேன், ரோடு போட்டிருக்கிறேன், பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறேன், ஜனங்களுக்கு என்னைத் தெரியும் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவள் சொன்ன கேள்விக்கு அது பதில் இல்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. ஜெயித்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேனா?

கட்சி குப்புவை நிற்கச் சொல்லிக் கேட்டதாம். மாட்டேன் என்றுவிட்டாளாம். வேறு யாரையோ போட்டிருக்கிறார்கள்.

29-5-1977, ஞாயிறு

உப்பளத்தில் ஓட்டுக் கேட்டேன். கூட நான்கு பேர், அதில் இரண்டு பேர் கூலிக்கு வந்தவர்கள். வேலையை நிறுத்தி எல்லாரும் கும்பிட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

வரப்பு ஓரத்தில் பாப்பாத்தி. உப்பு வெயிலில் அவளுக்குக் கண் போய் நாளாகிறது. குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். “ஏம்பா, நீயா? தேவநாதன் எங்க? அவன்தானே உன்ன இட்டுகினு வருவான்.”

பக்கத்திலிருந்தவள் அவள் காதில் ஏதோ சொன்னாள். பாப்பாத்தி என் பக்கம் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

நான் மிச்ச இடங்களுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

12-6-1977, ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழாவது ஆளாகக் குப்பு. வெள்ளைப் புடவை. மையிட்ட விரலைப் பார்த்துக்கொண்டே வெளியே போனாள்.

15-6-1977, புதன்

திண்டிவனத்தில் எண்ணிக்கை. மத்தியானமே தெரிந்துவிட்டது. எனக்கு 1,172 ஓட்டு. டெபாசிட் போயிற்று. ஐந்து பேரில் நான்காவது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

தோற்றதற்கு அழவில்லை. 62-ல் தோற்றபோது அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டே பாட்டுப் பாடினான். “அடுத்த வாட்டி பாத்துக்கலாம் மச்சான், இன்னும் ரெண்டு டயர் வாங்கணும் அவ்ளோதான்” என்றான். அதற்குத்தான்.

3-7-1977, ஞாயிறு

இனி மூடி வைக்க முடியவில்லை. குப்பு வீட்டுக்குப் போனேன். முத்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“குப்பு, ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்குக் கலெக்டரப் பாக்கல.”

“தெரியும்.”

“கடலூருக்குப் போனேன். உள்ள...”

“தெரியும்ணா. ஒரு மாசம் கழிச்சி நானே மனு எழுதினுப் போனேன். மரக்காணம்னு சொன்னதும் பியூன் சொன்னாரு. உங்க எம்.எல்.ஏ. வந்து ரெண்டு மணி நேரம் வராந்தாவுல ஒக்காந்திருந்தாரு, சீட்டை எழுதி வச்சிக்கினு குடுக்காமலே போயிட்டாருன்னாரு.”

பதினைந்து மாதம். பதினைந்து மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்புறம் ஏன் அவன்கிட்ட நான் சொன்னதா...”

“ஜெயில்ல கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு மொதல் வார்த்தை அதான் கேட்டாரு. மச்சான் யாரையாவது பாத்தாரான்னு. நான் என்னா சொல்றது?” குரல் உயரவே இல்லை. “பாத்தாருன்னேன். அவருக்கு மூஞ்சி தெளிஞ்சிடுச்சி. சாவற வரைக்கும் அதையேதான் எல்லாருகிட்டயும் சொல்லிகினு இருந்தாரு. உனக்காக ஒண்ணும் நான் மறைக்கல.”

எழுந்து வந்தேன்.

4-7-1977

எழுத ஒன்றுமில்லை.

7-5-1978, ஞாயிறு

தேவநாதனுக்கு வருஷம் கழிந்துவிட்டது. திதிக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் இன்று குப்பு வந்தாள். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வாசலில். உள்ளே வரவில்லை. பாஞ்சாலை கையில் பத்திரிகையைக் கொடுத்தாள். முத்தம்மாளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அச்சிறுப்பாக்கம் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார்.

பிறகு என்னைப் பார்த்தாள். “தாய்மாமன் நீதான். வேற யாரு இருக்கா அவளுக்கு? வந்து செய்ய வேண்டியதச் செய். எங்கிட்ட மட்டும் பேச வேணாம்.”

சரி என்றேன். அதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாதோ?

28-5-1978, ஞாயிறு

முத்தம்மாள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

காலையிலேயே போய்விட்டேன். பாஞ்சாலை புடவை, பூ, பழத் தட்டுகளோடு வந்தாள். மணவறையில் முத்துவின் நெற்றியில் பட்டம் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. “மாமா, மெதுவா” என்றாள் முத்து. காலில் விழுந்தபோது அவள் தலையில் கை வைத்தேன். என்ன சொல்லி வாழ்த்தினேன் என்று நினைவில்லை. குப்பு மணவறைப் பக்கம் வரவில்லை. தூண் மறைவில் நின்று பார்த்தாள். பிறகு பந்தியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்து இலை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்களே. போஸ்டர்லயா? நீங்க யாருங்க?” என்றார்.

குப்பு ரச வாளியோடு நாலு இலை தள்ளி வந்துகொண்டிருந்தாள். கரண்டி வாளியிலேயே நின்றது.

“பொண்ணுக்குத் தாய்மாமனுங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். குப்பு என் இலைக்கு வந்தாள். சோற்றில் குழி பார்த்து, சிந்தாமல் ஊற்றினாள். அடுத்த இலைக்குப் போனாள்.