பலகையில் ஐந்து பொத்தான்

பிப்ரவரி 3, திங்கள்

மேனேஜரம்மா இன்று பொத்தான் துணி பொருத்திய பயிற்சிப் பலகையில் ஐந்து பொத்தானையும் நாற்பது விநாடியில் போட்டாள். இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டு பள்ளி முழுக்க வேலை ஏவுகிறவளுக்கு நான் வைத்த பெயர். ஆறு மாதத்துக்கு முன் பென்சிலையே முஷ்டியால்தான் பிடிப்பாள். இன்று, "தெரபி டீச்சர், எழுதிக்கோங்க" என்று எனக்கே உத்தரவு.

அவளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய அடுத்த மாதம் கூட்டம். மூன்றாம் வகுப்பில் உடை மாற்றிவிட ஆயா கிடையாது. தானே சட்டை போடத் தெரியாவிட்டால் ஊருக்கு வெளியே உள்ள சிறப்புப் பள்ளிதான். விடுதியில் தங்க வேண்டும். ஏழு வயதில்.

பிப்ரவரி 12, புதன்

அவள் அம்மா வாசலில் நிறுத்தினார். "வீட்ல சட்டைல பொத்தான் போட மாட்டேங்கறா டீச்சர். பலகைதான் வேணுங்கறா."

"நீங்க செல்லம் குடுக்கறீங்க. அவளையே போட விடுங்க" என்று வாய் கிழியப் பேசினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

முப்பத்தொரு விநாடி!

மார்ச் 5, புதன்

கூட்டம். தலைமையாசிரியை அவள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, "போட்டுக் காட்டும்மா" என்றார். குனிந்தாள். விரல்கள் ஓட்டையைத் தேடின. கிடைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு சட்டையையே கழற்றி மேஜையில் விரிக்கப் போனாள்.

"ஐயோ, போடச் சொன்னா கழட்டுதே!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜைப் பலகையில் பொத்தான் கண்ணுக்கு நேரே இருக்கிறது. நெஞ்சில் அது தலைகீழ். மணிக்கட்டையும் உள்ளே மடக்க வேண்டும். நான் அவளுக்குப் பலகையைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடது. ஒரு மாசம் குடுங்க."

"ஆறு மாசம் குடுத்தோமே டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. சிறப்புப் பள்ளி என்று முடிவானது.

மார்ச் 6, வியாழன்

உடம்பில் போட்டுத்தான் பழக்க வேண்டும் என்று படித்ததுதானே? முதல் வருஷமே சொல்லிக்கொடுத்ததுதானே? விநாடி குறையக் குறைய எனக்குத் தலைகால் புரியவில்லை. வேறென்ன?

அவள் அம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க டீச்சர்" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

இந்த வாரம் முழுக்க அவள் சட்டையிலேயே பழகினோம். ஒரு பொத்தான் ஏறியது. ஒன்றே ஒன்று.

இன்று அவளுக்கு இந்தப் பள்ளியில் கடைசி நாள். போகும்போது, "பலகைய யார்க்கும் குடுக்காதீங்க. நான் வந்து கேப்பேன்" என்றாள். சரி என்றேன். என்ன சொல்லித் தொலைப்பது?

ஜூன் 16, திங்கள்

பலகையிலிருந்து துணியைப் பிரித்து நாடா தைத்துவிட்டேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளையின் நெஞ்சில் கட்டிப் பழக்குகிறேன். முதல் பொத்தானுக்கே அரை மணி ஆனது. நேரம் குறிக்கவில்லை.

மேனேஜரம்மாவின் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். இப்போது சட்டை போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டேன்.

"அங்க எல்லாருக்கும் ஒட்டிக்கிற சட்டைதான் டீச்சர். பொத்தானே கெடையாது."

"எப்படி இருக்கா?"

"ரொம்ப சமத்தாயிட்டாளாம். யாருக்கும் ஒரு வேல சொல்றதில்லையாம்."