மூன்றாம் சரணத்தில் விட்டுப்போன இரண்டு வரி

என் செல்லத் தங்கச்சி எஸ்தருக்கு,

மணவாள நகரிலிருந்து அண்ணன் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷமும் பதினோரு நாளும் ஆகின்றன. இங்கே இன்னும் பனி விடவில்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது முதலில் ஹெட்லைட் வெளிச்சம்தான் வருகிறது, பஸ் பிறகுதான் வருகிறது. ஏறி உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தால் கண்ணாடி அதிர்கிறது. அந்த அதிர்வுக்குள் ஏதோ ஒரு சுரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அடியில், ரொம்ப அடியில்.

கும்மிடிப்பூண்டி வரும்வரை பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டபடியே போகிறேன். சில நாள் உன் குரல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. கனவா, நினைப்பா, எனக்கே புரியவில்லை. அங்கே உனக்கு ஏதாவது சத்தம் கேட்கிறதா எஸ்தர்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுக் கூட்டம் நடந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவதைக் கேட்டால் நீ தெருவுக்கே லட்டு கொடுத்திருப்பாய்.

உன் அண்ணன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியாதா! பேஸ் தாஸ் என்றால் திருவள்ளூர் பக்கம் எந்தக் கல்யாணக் கச்சேரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். பேஸ் கிடாரின் தலையில் சுருதி காட்டும் டியூனரை மாட்டி, அதில் பச்சை விளக்கு எரிகிறவரை கம்பியைத் திருகாமல் மேடை ஏற மாட்டேன். காதில் தாளக் கணக்குக்கு டிக் டிக் ஓடும், அதிலிருந்து ஒரு மயிரிழை நகர மாட்டேன். யார் பிசகினாலும் திரும்பி முறைப்பேன். "நாலு கம்பிய வெச்சிக்கினு இன்னா அலப்பறணா பண்ற!" என்று நீ சிரிப்பாய். ஆனால் சர்ச்சில் பாடும்போது மட்டும் என் கிடார் சத்தம் வருகிற ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாய். கேட்டால், "உன்னுது காதுல எங்க ணா கேக்குது, கையிலதான் கேக்குது" என்பாய்.

அந்தக் கடைசி கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால் நீ என்னிடம் வந்து கேட்டாய்.

"ணா, மூணாவது சரணத்துல கொஞ்சம் நின்னு வா ணா. மூச்சு வாங்குது."

"பாட்டுன்னா டெம்போன்னு ஒண்ணு இருக்குது. உனுக்காக அது நிக்குமா?" என்றேன். மூச்சு வாங்குகிறது என்று ஒருத்தி சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. டியூனரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சரணம் வந்தது. முதல் இரண்டு வரி பாடினாய். அப்புறம் நின்றுவிட்டாய். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் நிற்கவில்லை. கணக்குப்படி அடுத்த இரண்டு வரியையும் வாசித்து முடித்துப் பல்லவிக்குப் போய்விட்டேன். நீ எப்படியோ ஓடிவந்து பல்லவியில் ஒட்டிக்கொண்டாய். வெளியே வந்ததும் உன்னைத்தான் திட்டினேன், நான் கரெக்டாகத்தான் வந்தேன், நீதான் இரண்டு வரியை விட்டுவிட்டாய் என்று.

நீ சிரித்தாய். "கரெக்டுதாணா. நீ எப்போ தப்பா வாசிச்சிருக்க?"

அதற்கப்புறம் நாற்பது நாள்தான் இருந்தாய். இருதய வால்வு என்று டாக்டர் சொன்னபோதுதான் அந்த மூச்சு எனக்கு விளங்கியது. அதன் பிறகும் நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சர்ச், எதையும் விடவில்லை. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒன்றுமே கேட்காமல் போயிற்று.

போன மாதம் ஒருநாள் பஸ்ஸில் உன் வீட்டுக்காரர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். நீ போனதிலிருந்து ஒரே பஸ்ஸில் போனாலும் ஆளுக்கொரு ஜன்னல்தான். பால்ராஜ் மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியில் வார்ப்பு இரும்பைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்கிற மனுஷன். இரும்பின் குரல் அவருக்கு அத்துப்படி. பாட்டு என்றால் மட்டும் காத தூரம். உன் கல்யாணத்தன்று கூட்டத்தோடு சேர்ந்து ஆமென் சொன்னதே சுருதி தப்பித்தான் வந்தது.

"மச்சான், நெனவுக் கூட்டத்துல எஸ்தரு பாட்ட நான் பாடப் போறேன். நீ வாசிக்கணும்."

"இன்னா மாப்ள, காலங்காத்தால காமெடியா? உனுக்குப் பாட்டு வருமா?"

"வராது. வந்தா உன்ன ஏன் கூப்புடறேன்?"

மறு ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் ஒத்திகை. ஏன் கேட்கிறாய்! முதல் வரியில் ஏறுவார், இரண்டாவது வரியில் சறுக்குவார், மூன்றாவது வரியில் எங்கே இருக்கிறார் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். "ஏத்து மாப்ள, மேல போ!" என்றால், "மேலன்னா எங்க மச்சான்?" என்று வானத்தைப் பார்க்கிறார். "அய்யய்யோ, பேஜாராப் போச்சுய்யா உன்னோட!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் டேங்க் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். "எஸ்தருகிட்டயும் இப்டித்தான் கத்துவியா மச்சான்?" என்றார்.

அப்போதுதான் சொன்னார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, நான் திட்டிவிட்டுப் போன பிறகு, நீ சர்ச்சுக்குப் பின்னால் போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாயாமே.

"மூச்சு திரும்ப கால் மணி நேரம் ஆச்சு மச்சான். உன்கிட்ட மட்டும் சொல்லாதன்னா. அண்ணனுக்குத் தெரிஞ்சா வாசிக்கறதயே உட்டுடும்னா."

ஏண்டி அப்படிச் சொன்னாய்? என்னிடம் சொல்லியிருந்தால் அந்தப் படியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. உட்கார்ந்திருப்பேனா? அந்த நேரத்து எனக்கு அவ்வளவு அறிவு இருந்ததா?

நீ பயந்ததேதான் நடந்தது. கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என்னால் ஆகாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடத்தான் மறுநாள் பஸ் ஏறினேன். அவர் முன் சீட்டில் இருந்தார். பனியைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உன் பாட்டு. அதே மூன்றாம் சரணத்தைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டு, விரலால் முன்கம்பியில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தேன்.

கூட்டம் நாலு மணிக்கு, உங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு. உன் போட்டோவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி காற்றில் சாய்ந்து சாய்ந்து எரிந்தது. சர்ச்சில் வாசிக்கிற நம் ஜான்சன்தான் கீபோர்டு. நான் என் ஆம்ப் பெட்டியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சர்ச் ஐயர் ஜெபித்து முடித்ததும் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் எழுந்து வந்தார். மைக்குக்குப் போவார் என்று பார்த்தால் மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். வந்து, என் பெட்டியின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். எத்தனை வருஷமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் பார், எஸ்தர்.

ஜான்சன் சுருதி கொடுத்தான். மாப்பிள்ளை அதைச் சட்டை செய்யாமல் வேறு எங்கோ எடுத்தார். ஜான்சன் கட்டை மாற்றித் தேடினான். கறுப்பு, வெள்ளை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தார் அவர். பாவம், அவனும் என்ன செய்வான், கையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான். பின் வரிசையில் யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். மாப்பிள்ளை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தனியாக, அந்தத் தெருவே பார்க்கப் பாடிக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் கை மட்டும் இருந்தது. பெட்டியில் சத்தம் இல்லை.

நான் ஒரு கம்பியின் முடுக்கியைத் திருகினேன். டியூனரில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவர் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே கம்பி போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு சுரம் வாசித்தேன். மாப்பிள்ளையின் விரல்கள் பெட்டியின்மேல் விரிந்து அழுந்தின. தோளும் இறங்கியது. அவ்வளவுதான், அதன் பிறகு அந்த ஒரு கம்பியை விட்டு நான் நகரவில்லை. வரிக்கு ஒரு சுரம், மிஞ்சிப்போனால் இரண்டு. இரண்டாம் சரணத்தில் அவர் இன்னும் கொஞ்சம் சறுக்கினார். நானும் திருகிக்கொண்டு கூடவே சறுக்கினேன். டியூனரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். கேட்கக் கேட்க அவர் மூச்சு எங்கே எடுக்கிறார், எங்கே விடுகிறார் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் யாருடைய மூச்சையும் நான் கேட்டதில்லையடி.

மூன்றாம் சரணம் வந்தது. முதல் இரண்டு வரி பாடினார். நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. நீ நின்ற அதே இடம்.

நான் நின்றேன் எஸ்தர். அதே சுரத்தை மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. மெழுகுவர்த்தி சாய்ந்து நிமிர்ந்தது. தூரத்தில் அரக்கோணம் வண்டி போய் ஓய்ந்தது. தெருவில் ஒருத்தரும் அசையவில்லை. நீயும் பக்கத்தில் எங்கோ நிற்கிறாய் என்று இருந்தது, உன் மூச்சு திரும்பட்டும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம் என்று இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

பிறகு மாப்பிள்ளை மூச்சை இழுத்தார். மீதி இரண்டு வரியையும் பாடினார். கரகரவென்று, எந்தக் கட்டையிலும் இல்லாத சுருதியில், ஒரு வார்த்தை விடாமல் பாடினார்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். ஜான்சன் வந்து, "ணா, இன்னிக்கு எந்த ஸ்கேல்ல வாசிச்ச?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். மாப்பிள்ளை என் டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்தார். கிளம்பும்போது மட்டும் பெட்டியை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நல்லா பேசுச்சு மச்சான். வெடிப்பு இல்ல" என்றார்.

அந்தக் கம்பியை நான் இன்னும் பழையபடி ஏற்றவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கிறது, அதற்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். அதுவரை அப்படியே இருக்கட்டும். பஸ்ஸில் இப்போது மாப்பிள்ளையும் நானும் ஒரே சீட்டில்தான் போகிறோம். காலை நாஷ்டாவும் சேர்ந்துதான். அவர் தூங்கி என் தோளில் சாய்ந்துகொள்கிறார். எனக்குக் கண்ணாடியின் சுரம் போதும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் என் பக்கத்தில் நின்று யார் பாடினாலும், அவர்களுக்கு மூச்சு வாங்கினால், திரும்பி வருகிறவரை நான் பல்லவிக்குப் போக மாட்டேன். உனக்குக் கொடுக்காத இடத்தை எல்லோருக்கும் கொடுப்பேன். நீ விட்டுப்போன இரண்டு வரியும் பாடியாயிற்று, இனி நிம்மதியாக மூச்சு விடு.

இப்போதுதான் தப்பாக வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும்,
உன் அண்ணன்
தாஸ்